தாஜ்மகாலைப் பார்த்து வந்தோம்; பத்துத் தூணைப் பார்த்தோமா?



சென்ற தை மாதம் நம் நண்பர்கள் பதினெட்டுப் பேர் குடும்பத்துடன் டில்லி, ஆக்ரா, காசி என்று யாத்திரை போய் வந்தோம். ஆக்ராவில் தாஜ்மகாலைச் சுற்றிப் பார்த்து முடித்து, ஊருக்குக் கொண்டு வர 'பேட்டா' வாங்குவதற்காக ஒரு கடையில் நின்றோம். பேட்டா என்பது வெண்பூசணிக்காயைச் சீனிப் பாகில் போட்டுச் செய்யும் அந்த ஊர் மிட்டாய். கடைக்காரருக்கும் நம் வயதுதான் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றதும் முகம் மலர்ந்து, "மீனாட்சி கோயில் ஊரா! அந்தக் கோயிலுக்கு எத்தனை கோபுரம்?" என்று கேட்டார்.

நம்மில் ஒருவர் ஒன்பது என்றார். இன்னொருவர் பன்னிரண்டு என்றார். மூன்றாமவர், "நாலு திசைக்கு நாலுதானே அண்ணாச்சி" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். டில்லியில் சில காலம் வியாபாரம் செய்து இந்தி பழகிய நண்பர் ஒருவர்தான் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். எந்த எண்ணை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் அவர் விழித்தார். சரியான கணக்கு 14. கல்லாவில் ஐம்பது காசு குறைந்தாலும் இரவு பத்து மணி வரை சிட்டையைப் புரட்டுகிறவர்கள் நாம். கண்ணெதிரே நிற்கும் கோபுரத்தை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பேட்டாக் கடைக்காரர் தம் ஊர்க் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார். ஷாஜகான் 1632ல் வேலையைத் தொடங்கியது, மும்தாஜின் சமாதிக் கட்டடம் 1648 வாக்கில் முடிந்தது, சுற்றுக் கட்டடங்கள் 1653 வரை நீண்டது என எல்லாவற்றையும் ஒப்பித்தார். பிறகு அவர் சொன்ன சேதிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கரிப்புகையால் தாஜ்மகாலின் வெள்ளைக் கல் பழுப்பேறுகிறது என்று வழக்கு நடந்து, அந்த வட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட வேண்டும் அல்லது இடம் மாற வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேட்டா காய்ச்சுகிறவர்களும் கரி அடுப்பை விட வேண்டியதாயிற்று. "முதலில் கோர்ட்டைத் திட்டினோம். அப்புறம் யோசித்தோம். அந்தக் கட்டடம் கறுத்துப் போனால் இந்தக் கடையில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்?" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. மதுரையில் நம் கடை வாசலில் வந்து நிற்பவர் எதற்காக வருகிறார்? நாம் அதற்கு என்ன செய்திருக்கிறோம்?

கோபுரத்தில் வணிகர் பங்கு

கோயிலும் அரண்மனையும் ராஜாக்கள் கட்டியவை, நமக்கும் அதற்கும் என்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிசகு. மீனாட்சி கோயிலின் கோபுரங்களில் மிக உயரமானது 160 அடிக்கு மேல் நிற்கும் தெற்குக் கோபுரம். அதை 1559ல் கட்டியவர் அரசர் அல்லர்; சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார். வடக்குக் கோபுரம் நாயக்கர் காலத்தில் தொடங்கி, மேற்பகுதி முடியாமல் முந்நூறு ஆண்டுகள் மொட்டையாகவே நின்றது. 'மொட்டைக் கோபுரம்' என்ற பேர் அப்படி வந்ததுதான். 1878ல் அதை முடித்து வைத்தவர் அமராவதிபுதூர் வயிநாகரம் நாகப்பச் செட்டியார். மன்னர்கள் விட்டுச் சென்றதை ஒரு வணிகர் முடித்திருக்கிறார்.

இன்னும் பின்னே போனால், மதுரையின் பேரே அங்காடியோடு பிணைந்தது. பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி காலத்திலேயே இங்கே பெயர் இருந்தது. தூங்கா நகரம் என்று இன்று நாம் பெருமை பேசுவது புதிய சங்கதி அல்ல. மணிமேகலை பாடிய சாத்தனாருக்கு மதுரைக் கூலவாணிகன் என்று பேர். கூலம் என்றால் தானியம். நம் பாஷையில் சொன்னால் ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றை எழுதியவர் ஒரு தானிய வியாபாரி. இளவேட்டனார் என்ற சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன், அதாவது ஜவுளி வியாபாரி. தராசு பிடித்த கை எழுத்தாணியும் பிடித்த ஊர் இது.

கல்லில் இருக்கும் உப்பு வணிகர்

இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. யாத்திரையிலிருந்து திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு அழகர்கோயில் போனோம். பெருமாளைச் சேவித்துவிட்டு, மேலூர் போகும் சாலையில் கிடாரிப்பட்டிக்குப் போனோம். அங்கே அழகர்மலைத் தொடரில் ஒரு பெரிய குகைத்தளம் இருக்கிறது. அறுபத்தாறு வயது முழங்காலுக்கு ஏற்றம் சிரமம்தான். பேரன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

மேலே போனால் குளிர்ந்த நிழல். பாறையில் மழைநீர் உள்ளே வராமல் இருக்க வெட்டிய விளிம்பு. கீழே சமண முனிவர்கள் படுக்கக் கல்லில் செதுக்கிய படுகைகள். நெற்றிப் பாறையில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகள். நமக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. உடன் வந்த, பேரனின் பள்ளி ஆசிரியர் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். அங்கே எழுதியிருப்பது அந்த முனிவர்களுக்காகக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். மதுரை உப்பு வணிகர் ஒருவர். கொழு வணிகர் ஒருவர்; ஏருக்கு இரும்புக் கொழு விற்றவர். அறுவை வணிகர் ஒருவர். பணித வணிகர் ஒருவர். வெல்லப்பாகு விற்றவர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

உப்பும் வெல்லமும்! நாம் 1975ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அப்பாவின் கடையில் அமர்ந்தபோது முதலில் நிறுக்கப் பழகிய சரக்கே அவை இரண்டும்தான். கீழமாசி வீதியில் ஐம்பது வருஷம் மூட்டை இறக்கிய நமக்கு, நம் தொழிலின் பெயர் இரண்டாயிரம் வருஷமாக இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ஒரு பாறையில் இருக்கிறது என்பது தெரியாமல் போயிற்று. பேரன் கேட்டான்: "தாத்தா, அந்த உப்பு வியாபாரி உங்க மாதிரி பெரிய கடை வச்சிருந்தாரா?" பதில் சொல்ல நமக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதே குகையில் இன்னொன்றும் கண்டோம். பழைய எழுத்துக்குச் சற்றுத் தள்ளி, சுண்ணாம்பாலும் ஆணியாலும் இந்தக் காலத்து இளைஞர்கள் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைத்திருக்கிறார்கள். உப்பு வணிகர் கொடை கொடுத்துப் பெயர் பொறித்தார். இவர்கள் கெடுதல் செய்து பெயர் பொறிக்கிறார்கள்.

பக்கத்திலேயே மாங்குளம். அங்குள்ள கல்வெட்டுகள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் சேர்ந்தவை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அவற்றில் இருக்கிறது. கூடவே 'வெள்ளறை நிகமத்தோர்' என்ற சொல்லும் இருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் சங்கம். நம் சங்கத்துக்கும் மூத்த சங்கம் ஒன்று மன்னன் பெயரோடு சமமாகக் கல்லில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்தாற்போல் அரிட்டாபட்டி, 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்திலேயே 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. மேலூர் மக்கள் திரண்டு எழுந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. கிரானைட்டுக்காக எத்தனையோ குன்றுகளைப் பறிகொடுத்த மேலூர் மண், இந்தத் தடவை விழித்துக்கொண்டது. நாம் விழித்துக்கொண்டோமா என்பதுதான் கேள்வி.

கடைகளுக்கு நடுவே அகப்பட்ட சரித்திரம்

மலை வரை போக வேண்டாம். நம் கடைத்தெருவையே பார்ப்போம். மகால் பக்கத்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் பத்துத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. திருமலை நாயக்கர் 1636ல் கட்டிய அரண்மனையின் ஒரு துண்டு அது. இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால், அன்றிருந்ததில் நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சியில் அரண்மனை கட்டுவதற்காக இதைப் பிரித்துக்கொண்டு போனார் என்பது வரலாறு. மிச்சமிருந்ததும் சரியும் தறுவாயில் இருந்தபோது, சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை பழுது பார்த்தார். தாத்தா கட்டியதைப் பேரன் இடிக்க, கடல் கடந்து வந்தவர் காப்பாற்றிய கதை இது.

பத்துத் தூணில் நமக்கும் ஒரு பாவக் கணக்கு உண்டு, மறைக்காமல் எழுதுகிறோம். வாலிப வயதில் உறவினர் கடையில் தீபாவளி வியாபாரத்துக்கு உதவப் போனபோது, தார்ப்பாய்க் கயிற்றை அந்தத் தூணில்தான் கட்டினோம். பேல்களை அதில்தான் சாய்த்து வைத்தோம். அது என்ன தூண் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அது அங்கே நின்றது, நமக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவே.

இப்படித்தான் மற்றவையும். விளக்குத்தூண் என்று தினமும் நூறு தடவை விலாசம் சொல்கிறோம். அது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. 1840 வாக்கில் அவர் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்போது பிறந்தவை. அந்த வேலையைக் கவனித்த சர்வேயர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் இன்றும் வீதிப் பெயராக நிற்கின்றன. கலெக்டருக்குத் தூண், மேஸ்திரிக்குத் தெரு. மதுரை நன்றி மறக்காத ஊர். நம்மில் பலருடைய கிடங்கு நிற்பது அந்தப் பழைய அகழிமேல்தான்.

அம்மன் சன்னதி வழியாகக் கிழக்கே நடந்தால் விட்டவாசல். பாண்டியர் கோட்டையை இடித்தபோது இடிக்காமல் விட்ட வாசல். எழுகடல் தெருப் பக்கம் ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் போனது. முடிந்திருந்தால் தெற்குக் கோபுரம் அதன் முன் சிறுத்துப் போயிருக்கும் என்பதை அதன் அடித்தளமே சொல்கிறது. இன்று அதன் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கடைச் சரக்கை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தீ சொன்ன பாடம்

இனி நம்மவர்களுக்கே கசப்பான விஷயத்துக்கு வருகிறோம்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, கிழக்குக் கோபுர வாசலை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. வெப்பத்தில் தூண்கள் வெடித்தன, கூரை இடிந்தது. அங்கே வளையலும் பொம்மையும் விற்று வந்த நம் நண்பர் ஒருவர், தகவல் கேட்டு ஓடிவந்து, கடைச் சாவியைக் கையில் பிடித்தபடி தெருவில் நின்றதை நாம் பார்த்தோம். திறக்க அவருக்குக் கதவே இல்லை. அப்பா காலத்துக் கடை. சரக்குப் போன துக்கத்தைவிட அவர் சொன்ன வார்த்தைதான் நம்மை உலுக்கியது: "நம்ம கடை போனா நாளைக்கு வேற கடை போடலாம் அண்ணாச்சி. இந்தத் தூணை யாரு செஞ்சு தருவா?"

அவர் சொன்னது பலித்தது. அந்த மண்டபத்துக்கு ஏற்ற கல் தேடி, வெட்டி, செதுக்கித் திரும்ப எடுத்துக் கட்டும் வேலை பல ஆண்டுகள் நீண்டது. கோயிலுக்குள் கடைகளே கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்தபடியாகப் புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய 124 தூண் மண்டபம் அது. நாயக்க மன்னர்கள் பத்துப் பேரின் உருவச் சிலைகள் தூண்களில் உள்ளன. தையல்காரர், பித்தளைப் பாத்திரக்காரர், புத்தகக் கடைக்காரர் என்று தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் அங்கே பிழைத்தார்கள். மதுரையில் காதுகுத்து, திருவிழா என்றால் துணி தைக்கப் புதுமண்டபம் போகாத குடும்பம் இல்லை. அவர்களைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்தைப் புதிதாகக் கட்டி அங்கே மாற்றினார்கள். பழைய கூட்டம் அங்கே வருவதில்லை என்று நண்பர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை நியாயமானது. அதை அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆனால் நாமும் நம் பக்கத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தூண்களில் அலமாரிக்காக ஆணி அடித்தது யார்? சிற்பத்தின் முகத்தை மறைத்துப் பலகை மாட்டியது யார்? வயரைக் கண்டபடி இழுத்தது யார்? எல்லோரும் செய்யவில்லை. ஆனால் செய்தவரை நாம் தட்டிக் கேட்கவில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பது வாடகை உயர்ந்தால் கூட்டம் போடுவதற்கு மட்டும்தானா? நம்மவர் பிழையை நாமே திருத்திக்கொண்டால் அது கௌரவம். நாம் திருத்தாவிட்டால் கோர்ட் திருத்தும்; அப்போது நல்லவர், கெட்டவர் என்று பார்க்காது; எல்லோர் கடையும் போகும்.

ஹம்பியில் அதுதான் நடந்தது. விஜயநகரப் பேரரசின் தலைநகரம் அது. 1986ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. விரூபாக்ஷர் கோயிலுக்கு எதிரே உள்ள பழைய கடைவீதி மண்டபங்களில் மக்கள் சுவர் எழுப்பிக் கடையும் வீடுமாக இருந்தார்கள். பல வருஷம் பேச்சு நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. 2011 ஜூலையில் புல்டோசர் வந்தது. அந்த மக்கள் பட்ட பாடு இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. அவர்களை நடத்திய விதமும் சரியில்லை. இரண்டு தரப்பும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் கல்லும் பிழைத்திருக்கும், கடையும் பிழைத்திருக்கும்.

இரண்டும் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இஸ்தான்புல் பதில் சொல்லும். அங்குள்ள பெரிய பஜார் 1450களில் தொடங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்கள், சுமார் 4000 கடைகள், எல்லாம் ஒரே கூரையின் கீழ். எத்தனையோ தீ விபத்து, 1894ல் பெரிய பூகம்பம், எல்லாம் பட்டும் எடுத்துக் கட்டினார்கள். உலகம் முழுவதும் அதைப் பார்க்க வருகிறது. அந்தக் கடைவீதியே சரித்திரச் சின்னம். ஈரானில் இஸ்பகான் நகரில் மன்னர் ஷா அப்பாஸ் அமைத்த பெரிய சதுக்கத்தில் பள்ளிவாசலும் அரண்மனையும் ஒரு பக்கம், பஜார் ஒரு பக்கம். நானூறு வருஷமாக ஒன்றுக்கொன்று துணை. மதுரையும் அதே ஜாதி ஊர்தான். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்குள் வீதியாகக் கடைத்தெரு வளர்ந்த ஊர் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

முதலும் லாபமும்

"சரித்திரம் சோறு போடுமா?" என்று கேட்பார்கள். போடும் என்கிறோம். இன்று துவரம்பருப்பு வாங்க ஒருவர் கீழமாசி வீதிக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. செல்போனில் விரல் வைத்தால் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. விலையில் அந்தப் பெரிய முதலாளிகளோடு நாம் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அவர்களிடம் எல்லாம் உண்டு, விளக்குத்தூண் இல்லை. கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மகாலைச் சுற்றிவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு, சுங்குடிப் புடவையும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு, அப்படியே கடைத்தெருவில் நடக்கிற மனிதரைச் செல்போன் கடை கொண்டு வர முடியாது. ஊர்தான் கொண்டு வருகிறது. அவர் ஓட்டலில் சாப்பிடும் சாம்பாரில் நம் பருப்பு இருக்கிறது. அவர் குடிக்கும் காப்பியில் நம் சீனி இருக்கிறது. வெளியூர்க்காரர் நம் கல்லாவுக்கு நேராக வராவிட்டாலும் சுற்றிக்கொண்டு வந்து சேருகிறார்.

வியாபாரத்தில் முதல் என்று ஒன்று, லாபம் என்று ஒன்று. லாபத்தைத் தின்னலாம். முதலைத் தின்கிறவன் கடையை மூடுவான். இந்தக் கோபுரமும் தூணும் மலையும் நம் முன்னோர் போட்டு வைத்த முதல். நாம் நானூறு வருஷமாக லாபம் தின்று வந்தோம். இப்போது முதலில் கை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாமல்லபுரம் 1984லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் 1987ல் ஏறியது. நீலகிரி மலை ரயில் 2005ல் சேர்ந்தது, செஞ்சிக் கோட்டை 2025ல் சேர்ந்தது. மதுரை அதில் இல்லை. ஏன் இல்லை என்று அரசாங்கத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதற்கு முன் நம் வாசலைக் கூட்டிவிட்டுக் கேட்போம்.

நாம் செய்யத்தக்கவை

ஒன்று: பழைய சின்னங்களை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் கல்லில் ஆணி அடிப்பதில்லை, கயிறு கட்டுவதில்லை, போர்டு மாட்டி மறைப்பதில்லை என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். மீறுபவரை முதலில் நாமே கண்டிக்க வேண்டும்.

இரண்டு: கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் உள்ள ஒவ்வொரு கடையும் வருஷம் ஒரு முறை எலெக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கைச் சோதிக்க வேண்டும். தீயணைப்புக் கருவி ஒன்று வாங்கி மாட்ட வேண்டும். அதன் விலை ஒரு பருப்பு மூட்டையின் விலையைத் தாண்டாது.

மூன்று: கடைச் சிப்பந்திகளுக்கு ஊர்க் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர் வழி கேட்டால் கையை நீட்டி "அப்படியே போங்க" என்பதோடு நிறுத்தாமல், "அது திருமலை நாயக்கர் கட்டியது, உள்ளே பார்த்துட்டு வாங்க" என்று சொல்லப் பழக்க வேண்டும். அவர்களிடம் ஒரு விலை, உள்ளூர்க்காரரிடம் ஒரு விலை என்பது கூடாது. ஒருவரை ஏமாற்றினால் அவர் ஊருக்குப் போய் நூறு பேரிடம் சொல்வார்.

நான்கு: மாதம் ஒரு ஞாயிறு, குடும்பத்துடன் ஓர் இடம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி மியூசியம். 1959ல் நேரு திறந்து வைத்தது. மேலமாசி வீதியில் காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மேலாடையைத் துறந்து அரையாடை உடுத்திய வீடு. கீழே கதர்க் கடை, தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம். ஒத்தக்கடை யானைமலையில் கி.பி. 770ல் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைந்த நரசிங்கர் கோயில். கீழக்குயில்குடி சமணர் மலை. வண்டியூர்த் தெப்பக்குளம், மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் குளமாயிற்று என்பார்கள். கீழடி, 2014ல் தோண்டத் தொடங்கி, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை நம் நகர வாழ்வைக் கொண்டு போன இடம். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். எல்லாம் டவுன் பஸ் போகும் தூரம். ஆகும் செலவு பஸ் டிக்கெட்டும் கட்டுச்சோறும்தான்.

ஐந்து: மாநகராட்சியிடமும் அறநிலையத் துறையிடமும் தொல்லியல் துறையிடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. கடைகளை அப்புறப்படுத்துவதற்கு முன் மாற்று இடம் தயாராக இருக்க வேண்டும். அது மக்கள் நடமாடும் இடமாக இருக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்க நேரமும் இடமும் ஒதுக்க வேண்டும். வருகிற யாத்ரீகர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சுத்தமான கழிப்பறை வேண்டும். பத்துத் தூணுக்கும் ராயகோபுரத்துக்கும் விட்டவாசலுக்கும் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வேண்டும். பலகைச் செலவை நம் சங்கமே ஏற்கலாம் என்பது நம் யோசனை. செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கோபுரமே கட்டினார். நம்மால் ஒரு பலகை வைக்க முடியாதா?

முடிவாக ஒன்று. அந்தப் பேட்டாக் கடைக்காரருக்கு, ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு கடிதம் எழுதிப் போட்டோம். இந்தி தெரிந்த நண்பர்தான் எழுதிக் கொடுத்தார். "எங்கள் மீனாட்சி கோயிலுக்குக் கோபுரங்கள் பதினான்கு. நாங்களே நின்று எண்ணிப் பார்த்தோம். ஒரு தடவை மதுரைக்கு வாருங்கள்" என்று எழுதினோம். வருவதாகப் பதில் வந்திருக்கிறது. அவர் வந்து இறங்கும்போது பத்துத் தூணில் தார்ப்பாய்க் கயிறு இருக்கக் கூடாது என்பது நம் கவலை. அந்தக் கவலையில் உங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.